பச்சையம்மாள் கேட்ட இரண்டு நாட்கள்

சென்ற திங்கட்கிழமை காலை ஆலங்காயத்தில் வாணியம்பாடிப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். நெல்லிவாசல் ஜீப்பை ஓட்டும் கோவிந்தன் என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"சார், நம்ம கோகோ தோட்டத்துப் பச்சையம்மா போய்ட்டாங்க. மூணு நாளு காய்ச்சல். நான் வண்டி எடுத்துனு மேல போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க."

வாணியம்பாடி வேலையை விட்டுவிட்டு அதே ஜீப்பில் ஏறி அமர்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில், மலைமேல் நெல்லிவாசல்நாட்டு ஓடைக்கரையில், பலா மரங்களின் நிழலில், எங்கள் வேளாண் துறை ஒரு சிறிய கோகோ சோதனைத் தோட்டம் அமைத்தது. நான் அதன் மேற்பார்வையாளன். பச்சையம்மாள் அவர்கள் பணியாளர். சாமை விதைக்கும் குடும்பம். ஏறத்தாழ என் வயது. புளியை வாயில் போட்டு அது எந்த மரத்துப் புளி என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. நான் அதை நம்பவில்லை.

நம்பவேண்டிய நாள் ஒன்று வந்தது. மரங்கள் பூக்கத் தொடங்கிய ஆண்டில், தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் வெளிநாட்டுக் கறுப்புச் சாக்லெட் ஒன்றைக் கொண்டுவந்து, நாம் எதற்காகப் பாடுபடுகிறோம் என்று எல்லோரும் அறியட்டும் எனத் துண்டு துண்டாகப் பகிர்ந்தளித்தார். அப்போது எங்கள் தோட்டத்து ஜீப்பை ஓட்டிய கோவிந்தன் கடித்த வேகத்தில் துப்பினார்.

"இன்னாங்க இது? கஷாயத்தக் கட்டி பண்ணிக் குடுத்துட்டாங்க!"

"நீ மாடு மாரி மென்னா அப்பிடித்தான் இருக்கும்" என்றார் பச்சையம்மாள். "நாக்கு மேல வெச்சினு சும்மா இரு. அது தானா சொல்லும்."

அவர் கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "மொதல்ல நாவப்பழம் வருது சார். அப்பறம் புகை. இந்தக் கொட்டைய வெயில்ல காய வெக்கல. நெருப்புல காய வெச்சிருக்காங்க."

அதிகாரி உறையைப் பிரித்துச் சிறிய எழுத்துகளைப் படித்தார். ஏதோ ஒரு தீவின் பெயர். அங்கு ஓயாத மழை என்றும், கொட்டைகளை விறகுத் தீயில்தான் உலர்த்துவார்கள் என்றும் அவரே வியப்போடு ஒப்புக்கொண்டார். என் நாக்குக்குக் கசப்பு ஒன்றுதான் தெரிந்தது.

முதல் விளைச்சல் மார்கழிக் குளிரில் வந்தது. காய்களை உடைத்து, சதையோடு கூடிய கொட்டைகளைக் குவித்து, வாழையிலையால் மூடிப் புளிக்கவைக்க வேண்டும். அந்தக் குவியலின் சூட்டில்தான் கொட்டைக்குள் சாக்லெட்டின் சுவை பிறக்கிறது. எங்களுக்கு வந்த அச்சிட்ட குறிப்பில் ஆறு நாள் என்றிருந்தது. ஆறாம் நாள் காலை குவியலைக் கலைக்கச் சொன்னேன். பச்சையம்மாள் அவர்கள் ஒரு கொட்டையைப் பிளந்து என்முன் நீட்டினார்.

"உள்ள இன்னும் கத்திரிப்பூ நெறமாத்தான் கீது சார். சூடே ஏறல. ரெண்டு நாளு வுடுங்க."

"குறிப்பில் ஆறு நாள் என்றுதான் இருக்கிறது, பச்சையம்மா."

"இந்தக் குளுரு அந்தக் காயிதத்தப் படிச்சிதா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பால் என் பிடிவாதம் இறுகியது. கலைத்தோம், உலர்த்தினோம், தலைமை அலுவலகத்துக்கு மாதிரி அனுப்பினோம்.

மாதிரி மிகையான துவர்ப்பு என்று திரும்பி வந்தது. விளக்கம் கேட்டார்கள். கொட்டை இம்மண்ணுக்கே ஒவ்வாதது என்று முடிவானால் தோட்டம் மூடப்படும். 'புளிக்கவைத்த பணியாளர் பச்சையம்மாளின் கவனக்குறைவு' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அன்று மதியம் அவர் ஓர் இலைப் பொட்டலத்தோடு வந்தார். அணில் கடித்த காய்களைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. கழித்தவற்றை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுப்போரம் சாக்குப் போர்த்தி, எட்டு நாள் புளிக்கவைத்திருக்கிறார். வறுத்து, வெல்லம் சேர்த்து, அம்மியில் அரைத்த கறுப்புத் துண்டுகள் அவை.

"இத்த அனுப்புங்க சார். கொட்டை மேல தப்பில்லன்னு அவுங்களே சொல்லுவாங்க."

நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். கசப்பு வந்தது, அது விலகி, பலாச்சுளையின் மணம் வந்தது, இறுதியில் மலைத்தேனின் காரம். அன்றுதான் எனக்குச் சுவை தெரிந்தது. என் தவறும் தெரிந்தது. ஆயினும் கழிவுக் காய்களை மாதிரியாக அனுப்ப விதியில்லை என்றேன். உண்மையில், அனுப்பியிருந்தால் என் கடிதம் பொய்யென்று வெளிப்பட்டிருக்கும்.

என் பொய் தோட்டத்தைக் காக்கவில்லை. அடுத்த ஆண்டு மரங்களை வெட்டினார்கள். பச்சையம்மாள் அவர்களின் வேலையும் போயிற்று. நான் எழுதியது அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. நான் மாற்றலாகிக் கீழிறங்கிய அன்று, ஜீப் அருகே வந்து நின்று அவர் சொன்னார்: "மரத்து மேல பழி போடாம என் மேல போட்டீங்களே, அது வரிக்கும் நல்லது சார். போய்ட்டு வாங்க." குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு நான் அந்த மலைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமைதான் போனேன். அவர் வீட்டின் பின்புறம், குளித்த நீர் ஓடும் இடத்தில், இரண்டு கோகோ மரங்கள் நிற்கின்றன. அன்று அணில் கடித்த காய்களின் விதைகளிலிருந்து முளைத்தவை. அடிமரத்தில் மஞ்சள் காய்கள் தொங்கின. அவர் மகள் உள்ளே சென்று ஓர் இலைப் பொட்டலம் கொண்டுவந்தார்.

"அம்மா கடைசியா அரைச்சது சார். நீங்க வந்தா குடுக்கணும்னு வருசா வருசம் ஒரு துண்டு எடுத்து வெக்கும்."

"எத்தனை நாள் புளிக்க வைப்பார்?"

"எட்டு. குளுரு சாஸ்தின்னா ஒம்போது. கைய வெச்சிப் பாத்துத்தான் சொல்லும்."

திருப்பத்தூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், இங்கும் எழுதுகிறேன். கொட்டையின் மீது குற்றமில்லை. பணியாளர் பச்சையம்மாள் மீது குற்றமில்லை. குவியலை ஆறாம் நாள் கலைக்க உத்தரவிட்டவன் நான்.

அந்தத் திங்கட்கிழமை, ஓடைக்கரைக்கு மேலே, அவரை அடக்கம் செய்த ஈரம் காயாத மண்மேட்டின் அருகே, மகள் தந்த துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். கடிக்கவில்லை. அது முழுதும் கரையும்வரை கோவிந்தன் ஜீப்பைக் கிளப்பாமல் காத்திருந்தார். அம்மா, நீங்கள் கேட்ட இரண்டு நாட்களை நான் தரவில்லை. இனி உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.