கரும்புத் தீவைப் பிரெஞ்சில சொன்ன நாள்

நான் வந்து குடியேறின லாசாலில, வெளிநாட்டில இருந்து வந்த பெரியாக்களுக்கு நடக்கிற பிரெஞ்சு வகுப்பில, கதைச்சுக் காட்டுற சோதனையில ரெண்டு தரம் விழுந்தவள் நான். மூன்றாந்தரமும் விழுந்தால் முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு இடமில்லை. பேந்து காலம் முழுக்க பாண் தொழிற்சாலையில பெட்டி மடிக்க வேண்டியதுதான். அம்பது வயதில இப்பிடியொரு வெக்கக்கேடு!

இந்தமுறை ரீச்சர் புதுக் கூத்தொண்டு காட்டினா. பக்கத்துக் கதிரைக்காரரின்ர ஊரின்ர பூமிசாத்திரமும் சரித்திரமும் நான் சொல்ல வேணும், என்ர ஊரை அவை சொல்ல வேணும். எனக்குப் பக்கத்தில ஒரு பிலிப்பைன்ஸ்காரி, என்னிலும் பத்து வயது குறைவு. என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவா. பழக்கினது நான்.

அவவின்ர மாகாணம் நெக்ரோஸ் எண்ட தீவின்ர மேற்குப் பாதி. நடுவில மலை தீவைப் பிரிக்குது, அதில புகையிற எரிமலை. மலையடியில இருந்து கடல் மட்டும் கரும்பு. முந்தி அதெல்லாம் காடாம். அயல் தீவுத் துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட, பணக்காரக் குடும்பங்கள் கடல் தாண்டி வந்து, காட்டை வெட்டிக் கரும்பு நட்டவை. வெட்டுறதுக்குக் கூலியாக்களையும் கொண்டு வந்தவை. பேந்தொரு காலம் சீனி விலை விழுந்து ஊரே படுத்திட்டுது. அப்ப சனம் என்ன செய்தது தெரியுமோ? சிரிக்கிற முகமூடி போட்டுத் தெருவில ஆடத் தொடங்கிட்டுது! இண்டைக்கும் வருசா வருசம் ஆடுகினம். இதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சனத்தில ஆசையே வந்திட்டுது.

தன்ர அப்பா தோட்ட முதலாளி எண்டுதான் அவ வகுப்பில சொல்லி வைச்சவ. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ர குசினியில இருந்து ரெண்டுபேரும் பாடமாக்கேக்க உண்மை வந்தது. அப்பா கரும்பு வெட்டினவர். ஆலை நிண்டு அடுத்த வெட்டு வருமட்டும் வேலை கிடையாது. அந்த மாதங்களை அங்க செத்த காலம் எண்டு சொல்லுவினமாம். அப்ப சோத்துக்கு உப்பு மட்டும்தானாம், சீனி விளையிற தீவில! எனக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இதை அங்க சொல்லிப் போடாதேங்கோ. முகமூடியைச் சொல்லுங்கோ," எண்டு கையைப் பிடிச்சா. சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

சோதனையண்டு எரிமலை, துறைமுகம், முகமூடி எல்லாத்தையும் பொரிஞ்சு தள்ளினன். ரீச்சர் தலையாட்டிக்கொண்டு இருந்தா. பேந்து கேட்டா பாருங்கோ ஒரு கேள்வி: "கரும்பு வெட்டி முடிஞ்ச பிறகு அந்தச் சனம் என்ன செய்யும்?"

நாசமாப் போக! பதில் நாக்கு நுனியில நிக்குது. சொன்னால் பாஸ். ஆனால் குடுத்த சத்தியம்? திரும்பவும் முகமூடியையே சொன்னன். ரீச்சர் பேனையை எடுத்தா. சரி, பெட்டியே மடிப்பம் எண்டு எனக்கு நானே சொன்னன்.

பிலிப்பைன்ஸ்காரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா. "சொல்லுங்கோ அக்கா. எல்லாத்தையும் சொல்லுங்கோ."

சொன்னன். என்ர ஓட்டைப் பிரெஞ்சில செத்த காலத்தைச் சொன்னன், உப்புச் சோத்தைச் சொன்னன். கோவம் வந்தால் எனக்கு எந்தப் பாசையும் வரும் போல.

"இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொன்னது?" எண்டு ரீச்சர் கேட்டா.

"நான்தான்," எண்டா அவ. "என்ர அப்பா கரும்பு வெட்டினவர்." முழு வகுப்புக்கும் கேட்டுது. ஒருத்தரும் சிரிக்கேல்லை. கடைசி வாங்கில இருந்த ஹெயிட்டிக்காரர், "என்ர தாத்தாவும்," எண்டார்.

எனக்குப் பாஸ். அடுத்தது அவவின்ர முறை, என்ர ஊர் யாழ்ப்பாணம். நான் எழுதிக் குடுத்த தாளை விரிச்சுக்கொண்டு முன்னுக்குப் போனா. அதில என்ர அப்பா தபாலதிபர்.

பாய்ஞ்சு போய்த் தாளைப் பறிச்சன். "தங்கச்சி, அதை விடு," எண்டன். "என்ர அப்பா காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைச்சவர் எண்டு சொல்லு. உரத்துச் சொல்லு."