அங்கமுத்துவின் முறை

என் அக்கா புருஷன் அங்கமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்தில் இறால் பிடிக்கிறவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். அதே செட்டில் டிரம் அடிப்பவன் நான், முத்துராஜ். எனக்கு வாய் அதிகம், மாமாவுக்கு வாயே கிடையாது. இருக்கிற மூச்சையெல்லாம் அந்தக் கறுப்புக் குழாய்க்குள் விட்டுவிட்டால் பேசுவதற்கு எங்கே மிஞ்சும்?

அவர் கற்றுக்கொண்டதே ஒரு கூத்து. முன்பு வாசித்தவர் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை கிடைத்ததும் கிளாரினெட்டைச் செட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். மாமா அதை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். வலை கட்டிவிட்டால் தண்ணீர் ஓடி முடியும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும்? அந்த நேரத்தில் ஊதி ஊதித் தானாகப் பழகினார். ஆரம்பத்தில் காதில் கேட்கச் சகிக்காது. இவன் ஊதுகிற ஊதலில் இறாலெல்லாம் ஆந்திராவுக்கு ஓடுகிறது என்று ஊர்த் தலைவர் தெய்வசிகாமணி பஞ்சாயத்தில் சொன்னார். இருபத்தைந்து வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா என்னிடம் சொன்ன ஆசை ஒன்றே ஒன்று. தேரோடு ஓடாமல், பிணத்தோடு நடக்காமல், ஜனங்கள் உட்கார்ந்து கேட்க ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

போன ஜனவரியில் போர்ச்சுகலிலிருந்து மூன்று பேர் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். கித்தார் ஒருவர், அக்கார்டியன் ஒருவர், பாடுவதற்கு லூர்தெஸ் என்கிற அம்மாள். கோயில் மைதானத்தில் கச்சேரி. கூட வாசிக்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள், ஊரில் மாமாவைச் சொன்னார்கள். அக்கா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

முந்தின நாள் ஒத்திகை. மூவரும் வாசித்துக்கொண்டே போனார்கள். மாமா கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த ஏற்பாட்டாளர், இவருக்கு வராது என்று முடிவுகட்டிவிட்டார். நாளைக்கு வாசலில் நின்று வரவேற்புக்கு ஊதினால் போதும், மேடை வேண்டாம் என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் ஊதவில்லை என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"என் முறை வர்லியேடா" என்றார்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று ஊர் சொல்லும். அந்த ஆள் மட்டும்தான் அங்கே வலை கட்டலாம். தண்ணீர் ஓட்டம் நிற்கும்வரை இடம் அவனுடையது. அடுத்தவன் முறையில் காலைக்கூட நனைக்கக் கூடாது. மாமாவின் நைனா ஒரு தடவை ஆத்திரத்தில் இறங்கிவிட்டு, ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டவர். அதைப் பார்த்து வளர்ந்த மனுஷன், மூன்று பேர் வாசிக்கிற இடத்தில் யாரும் சொல்லாமல் எப்படி இறங்குவார்? அவர்களோ, இஷ்டப்பட்டபோது அவரே வந்து சேர்ந்துகொள்வார் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

காலேஜில் படிக்கிற என் மகள் சரண்யாவுக்கு இங்கிலீஷ் வரும். அவளை இழுத்துக்கொண்டு லூர்தெஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தன் கதையைச் சொன்னார். மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனியில் பதினான்கு வருஷம் மீன் தலை கிள்ளியவராம். பாட்டு நடக்கிற மதுக்கடை வாசலில் யாராவது கூப்பிடுவார்கள் என்று இரண்டு வருஷம் நின்றாராம். கையில் மீன் வாடை, எவனும் கூப்பிடவில்லை. கடைசியில் கூட வேலை செய்த பெண்கள் பத்துப் பேர் கடைக்குள் புகுந்து, இவள் பாடாமல் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம்.

"எனக்கு வழிவிட்டது என் ஜனங்க. நான் விருந்தாளி. அவருக்கு உங்க ஊர்தான் முறை கொடுக்கணும்" என்றார். சரண்யா அதைச் சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அப்படியென்றால் தெய்வசிகாமணியிடம் போக வேண்டும். அவருக்கும் எனக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே கேட்டார். பார்க்கலாம் போ என்று அனுப்பிவிட்டார். கிழவருக்கு எவ்வளவு திமிர் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. ஏற்பாட்டாளர் முகத்தைச் சுளிக்கச் சுளிக்க, லூர்தெஸ் மாமாவை மேடைக்கு அழைத்துப்போய் நாலாவது நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டு பாட்டு முடிந்தது. மாமா அசையவில்லை. அப்போது முன்வரிசையில் தெய்வசிகாமணி எழுந்தார். அவருக்கு மைக் தேவையில்லை, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்.

"இந்த முறை அங்கமுத்துது. வேற யாரும் எறங்கக் கூடாது."

சரண்யா மொழிபெயர்ப்பதற்கு முன்பே லூர்தெஸ் போய் உட்கார்ந்துவிட்டார். கித்தாரும் அக்கார்டியனும் மடிக்கு இறங்கின. மாமா எழுந்தார்.

முதலில் தேருக்கு வாசிக்கிற மெட்டு. எத்தனையோ வருஷமாக வெடிச் சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டதை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டோம். அது அடங்கியதும் வேறொன்று எடுத்தார். முந்தின நாள் ஒத்திகையில் லூர்தெஸ் பாடிய பாட்டு. ஒரு மணி நேரம் சும்மாவா உட்கார்ந்திருந்தார் மனுஷன்? ஒரு வளைவுகூட விடவில்லை. லூர்தெஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அழுதாள். நானும்தான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்த ஏற்பாட்டாளரும் எழுந்து நின்று தட்டினார். மாமா எப்போதும் போல, அடுத்தவர்களுக்கு இடம் விட்டு உட்காரப் போனார். தெய்வசிகாமணி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு அதுக்குள்ள வலைய எடுக்கறே?" என்றார். "இன்னும் தண்ணி ஓடுது. ஊது."