செத்தவீட்டில் போட்ட படம்

தம்பி இறந்த எட்டாம் நாள், செத்தவீட்டில், சொந்தக்காரர் எல்லாரும் பார்த்திருக்க நான் டிவியைப் போட்டேன். லண்டன் ஹரோவில் எங்கள் ஆட்கள் இன்னும் அதைக் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். அவர்கள் சொல்லாமல் விடுகிற பாதியை நான் சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து தீட்டுக் கழியும்வரை துடக்கு வீட்டில் டிவி போடுவதில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, முதல் நாளே வயரைக் கழற்றி, டிவியின்மேல் ஒரு வெள்ளை வேட்டியையும் போர்த்திவிட்டார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த டிவியில்தான் நானும் தம்பியும் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு ஜப்பானிய அனிமே தொடர் பார்த்துவந்தோம். மலையூர் ஒன்றில் விடுதி நடத்தும் குடும்பத்தின் கதை. ஆற்றில் மூழ்கி இறந்த மூத்த மகள் மழை பெய்யும்போதெல்லாம் வீட்டுக்கு வருவாள். தங்கையின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். பேயை அனுப்பிவிடு, இல்லாவிட்டால் வீடு உருப்படாது என்று ஊரே சொல்லும். தங்கை கேட்கமாட்டாள். அக்காவுக்கென்று ஒரு கிண்ணம் சோற்றை மேசையில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள்.

இந்த வயதில் கார்ட்டூனா என்று எங்களைக் கேட்காத ஆள் இல்லை. தமிழ் எழுதத் தெரியாதவன் யப்பான் எழுத்துப் படிக்கிறான் என்று மாமா கலியாண வீடுகளில் தம்பியைப் பகிடி பண்ணுவார். தம்பி சிரித்துக்கொண்டு இருப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பாரிசில் பிறந்து லண்டனில் வளர்ந்து, போன இடமெல்லாம் நீ எந்த ஊர் என்று கேட்கப்பட்டவன் அவன். ஆவிக்கும் இடம் கொடுக்கிற ஒரு வீட்டைப் பார்ப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அதில் என்ன பிழை?

அம்மா எங்களுக்குப் பின்னால் இருந்து வெங்காயம் உரிப்பார். மொழி விளங்காது. ஆனாலும் தலை சொட்டச் சொட்ட வரும் அந்தப் பிள்ளையைக் கண்டால், துடைத்துவிட அந்த வீட்டில் ஒருத்தரும் இல்லையா என்று ஒவ்வொரு முறையும் குறைப்படுவார்.

கடைசிப் பாகம் வந்த கிழமையில், நாங்கள் அதைப் பார்க்கும் சனிக்கிழமை வருமுன்னே, வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்து நின்ற இடத்தில், தம்பியின் இருதயம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அம்மா பேசவில்லை. தேத்தண்ணியை வாயருகே பிடித்தால் இரண்டு மிடறு குடிப்பார், அவ்வளவுதான். எனக்கு அழக்கூட மனம் வரவில்லை. அம்மாவும் போய்விடுவாரோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். மாமா நண்டுக் கறியும் விஸ்கிப் போத்தலும் கொண்டுவந்து தம்பியின் படத்துக்கு முன்னால் வைத்தார். இரண்டும் மாமாவுக்குப் பிடித்தவை. தம்பி நண்டு மணத்துக்கே எழும்பிப் போய்விடுவான், குடித்ததே இல்லை. இது யாருடைய எட்டு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. குசினிக்குள் போய் அவன் வழமையாகச் சாப்பிடும் பாக்கெட் நூடில்சை அவித்து, மேலே ஒரு சீஸ் துண்டும் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேட்டியை இழுத்து எறிந்து, வயரைச் செருகி, அந்தக் கடைசிப் பாகத்தைத் தேடிப் போட்டேன்.

"உனக்கென்ன விசரோ? செத்தவீட்டில படம் பாக்கிறியோ?" என்று மாமா கதிரையை விட்டு எழும்பினார்.

"பிடிச்சதைத்தானே படைக்கிறம், மாமா. இதுதான் அவனுக்குப் பிடிச்சது. நண்டை எடுங்கோ, நான் இதை நிப்பாட்டுறன்."

அவர் வயரைப் பிடுங்க வந்தார். நான் விலகவில்லை. திரையில் மழை பெய்யத் தொடங்கியது. சுவரோரம் பாயில் கிடந்த அம்மா அந்தச் சத்தத்துக்கு எழும்பி வந்து, தம்பியின் படத்தை டிவியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, மறைக்காதேங்கோ," என்றார். "அவன் பாக்கட்டும்."

மாமா திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். கடைசிக் காட்சியில் அந்த வீட்டுத் தாயின் கண்ணுக்கும் மகள் தெரிந்தாள். தாய் துவாயை எடுத்துவந்து அவள் தலையைத் துடைத்துவிட்டாள். அம்மா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

படம் முடிந்ததும் அம்மா நூடில்ஸ் கோப்பையை மடியில் எடுத்து வைத்துச் சாப்பிட்டார். அது ஆறி, விறைத்துப் போயிருந்தது. சீஸையும் விட்டுவைக்கவில்லை. நண்டை மாமா தன் வீட்டுக்கே கொண்டுபோனார்.