காஜாக்கா உட்கார்ந்த இடங்கள்

காஜாக்காவுக்குச் சாமி கும்பிடுவதைவிட உட்கார இடம் தேடுவதே பெரிய வேலையாகிவிட்டது. ஒரு பஸ் நிறையக் கத்தோலிக்கத் திருப்பயணிகள், கூட்டிப்போக ஒரு சாமியார். போகிற ஊரிலெல்லாம் ஒரு பெரிய கோயில், அதில் ஒரு பூசை. உள்ளே நுழைந்ததும் மற்றவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். காஜாக்கா மட்டும் பெஞ்சுகளைப் பார்ப்பாள். தங்கை எந்த வரிசை, அவளுக்கு முன்னால் யார், பின்னால் யார், நடுவில் தூண் ஏதாவது உண்டா என்று பார்த்து, இரண்டு முறை இடம் மாறி, மூன்றாவது இடத்தில் முள்ளின் மேல் உட்கார்ந்தவள்போல உட்காருவாள்.

"இன்னும் எத்தனை பெஞ்சு மாறப்போற?" என்பார் புருஷன். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பவர். உட்கார்ந்தால் பிரசங்கம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். தங்க நிறத்தில் சிறகு விரித்துச் சம்மனசுகள் பறக்கிற முதல் கோயிலின் கோபுரக் கூரையைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "லிஃப்ட் இல்லாம அவ்வளவு உசரத்துல எப்படிய்யா பெயிண்ட் அடிச்சான்?"

பூசை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்கப் போவதற்குச் சற்று முன்னால், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்பார் சாமியார். உடனே பக்கத்தில் இருப்பவர், முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்று திரும்பித் திரும்பிக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். தெரியாதவர் என்றால் சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம். தெரிந்தவர் என்றால்தான் சிக்கல். நாலு வருஷமாகப் பேசாத கூடப்பிறந்தவளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அவளுக்குக் காஜாக்கா என்று பெயர் வைத்தது சட்டைக் கம்பெனி. பொத்தானுக்குத் துளை தைப்பதைக் காஜா எடுப்பது என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த அந்த வேலையை, தலை நரைத்த பிறகும் அவள் விடவில்லை. மிஷினில் மிதித்து மிதித்து வலது கால் தனியாக ஒரு பிறவி எடுத்துவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் அது பாட்டுக்கு ஆடும். உண்மையைச் சொன்னால், மிஷினைப் பார்ப்பதற்கு முன்பே அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. சின்ன வயதில் பூசையில் அவள் கால் ஆட ஆரம்பித்தால் பெஞ்சே குலுங்கும். தங்கை சத்தமில்லாமல் தன் பாதத்தைத் தூக்கி அக்காவின் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொள்வாள். "ஆட்டாதக்கா, அம்மா பாக்கறாங்க" என்று முனகுவாள்.

அந்தத் தங்கைதான் பின்னாளில் நர்ஸ் ஆனாள். அம்மா காஜாக்காவின் வீட்டில் இருந்தார். கடைசியில் மூச்சுத் திணறல் வந்தபோது, "என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். காஜாக்கா அந்தக் கையையும் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கும் சொல்லவில்லை. இதோ சரியாகிவிடும், அதோ சரியாகிவிடும் என்று இழுத்தடித்தாள். விஷயம் தெரிந்து தங்கை ஓடிவந்து ஆம்புலன்ஸை வரவழைத்துக் கொண்டுபோனாள். அம்மா திரும்பி வரவில்லை.

சவப்பெட்டியை மூடுகிற நேரம். சொந்தபந்தம், தெரு, கம்பெனி ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். காஜாக்கா தங்கையைப் பார்த்துக் கத்தினாள். "வீட்ல நிம்மதியா போக வேண்டிய உசுரு. நீதான் கொண்டுபோய்க் கொன்னுட்ட!"

தங்கை பதில் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். காஜாக்கா அள்ள முயற்சிகூடச் செய்யவில்லை. முன்னாடியே கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். தன் பயத்தைத் தூக்கித் தங்கையின் தலையில் போட்டோம் என்பதும் தெரியும். தெரிந்த நாளிலிருந்துதான் கால் இன்னும் வேகமாக ஆடுகிறது.

மனசு ஆறட்டும் என்று திருப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறினால் நாலாவது சீட்டில் தங்கை! இறங்கிவிடலாம் என்று திரும்பியவளைப் பின்னால் பெட்டியோடு ஏறிய புருஷன் விடவில்லை.

இரண்டாவது கோயிலில் மாதா இருந்தாள். இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டிருக்கிற பளிங்குச் சொரூபம். மகனின் கை துவண்டு தொங்குகிறது. மாதாவின் சேலை மடிப்புகள் நிஜத் துணிபோலச் சரிந்து கிடக்கின்றன. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். காஜாக்காவின் கண் போனது அந்தத் தொங்குகிற கைக்குத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அம்மாவின் கை அப்படித்தான் தொங்கியது. அதை எடுத்துப் போர்வைக்குள் வைத்தவள் தங்கை. நிமிர்ந்தால், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் தங்கையும் அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஜாக்கா விறுவிறுவென்று வெளியே வந்து, மெழுகுவர்த்தி விற்கிற கடை முன்னால் நின்றாள். தேவையே இல்லாமல் மெழுகுவர்த்தி விலை கேட்டாள். வாங்கவில்லை. மறுபடி உள்ளே போனாள். மறுபடி வெளியே வந்தாள். கடைக்காரப் பெண் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை, தங்கியிருந்த விடுதியில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே புருஷன் சொன்னார். "உன் தங்கச்சி அவ மகள்கிட்டயே போய்ச் சேரப்போறாளாம். வெளிநாட்டுக்கு. வீட்டைக் காலி பண்ணியாச்சாம். இந்தப் பயணம் முடிஞ்ச வாரமே ஃபிளைட்டு."

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. என்கிட்ட பேசத்தானே செய்யறா."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"அக்காவுக்குக் கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டா."

காஜாக்கா தட்டைத் தள்ளிவைத்தாள். இத்தனை நாளும் பக்கத்து ஊர்தானே, என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஓரத்தில் தைரியம் இருந்தது. அந்தத் தைரியம் ஃபிளைட் ஏறப்போகிறது. அன்று பஸ்ஸில் அவள் ஒரு நிமிஷம் ஒழுங்காக உட்காரவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பையில் இருந்ததை எல்லாம் எடுத்து மறுபடி அடுக்கினாள். போய்ப் பேசலாம் என்று எழுந்தால் பஸ் திரும்பும், விழப்போய் உட்காருவாள்.

அன்றைய கோயில் சின்னது. சுவரில் பழைய ஓவியம், பாதி உதிர்ந்திருந்தது. இரண்டு பெண்கள், இரண்டு பேரும் வாயும் வயிறுமாக, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளப் போகிற நேரம். இளையவள் மாதா, மூத்தவள் அவளுக்கு உறவுக்காரி எலிசபெத்தம்மாள். செபமாலையில் வாராவாரம் சொல்கிற சேதிதான். ஆனாலும் அந்த மூத்தவளின் முகத்தை இப்போதுதான் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம்.

சாமியார் விளக்கம் சொன்னார். "மரியாள் மலைநாட்டைத் தாண்டி விரைந்து போய் எலிசபெத்தைப் பார்த்தாங்க. யாரும் கூப்பிடல. தானா போனாங்க."

காஜாக்காவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. புருஷனின் விலாவில் இடித்தாள்.

"கேட்டீங்களா? சின்னவதான் பெரியவளைத் தேடிப் போயிருக்கா. வேதத்துலயே இருக்கு."

அவர் அபூர்வமாக முழித்திருந்தார். "இருக்கு. ஆனா அந்தப் பெரியம்மா பெட்டி முன்னாடி நின்னு சின்னவளை ஏசினதா வேதத்துல இல்லையே."

காஜாக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் நாலு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. தூங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால் அது அவள்மேலேயே திரும்பி விழுந்தது.

கடைசிக் கோயில், கடைசிப் பூசை. இந்த முறையும் அவள் பெஞ்சுகளைத்தான் பார்த்தாள், தங்கைக்குப் பக்கத்தில் எது காலி என்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருமா? வந்தது அதே பஸ்ஸில் பயணம் செய்த ரிட்டயரான ஹெட்மாஸ்டர். குடையையும் தொப்பியையும் வைத்துவிட்டு அங்கே சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

"சார், அங்க காத்து வருது, உங்களுக்கு ஆகாது" என்றாள்.

"எனக்குக் காத்துதாம்மா வேணும்."

"சார், முன்னாடி போனா பீடம் நல்லா தெரியும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"சார், தயவு பண்ணி எந்திரிங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் அவளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காஜாக்கா உட்கார்ந்தாள். தங்கை பீடத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஆனால் நகர்ந்தும் போகவில்லை.

பூசை நடந்தது. காஜாக்காவுக்கு வாசகம் கேட்கவில்லை, பிரசங்கம் கேட்கவில்லை. பீடத்துக்கு மேலே இருந்த வண்ணக் கண்ணாடி சிவப்பும் நீலமுமாக மடியில் விழுந்துகொண்டிருந்ததுகூடத் தெரியவில்லை. சமாதானம் வரட்டும், அப்போது திரும்புவேன், கைகூப்புவேன், சாமியாரே சொல்லச் சொன்னதாக இருக்கட்டும் என்று ஒரே சிந்தனை. தனியாகப் போய் நிற்கத் தைரியமில்லாதவளுக்கு அது ஒரு துணை. கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

பரலோக மந்திரம் முடிந்தது. அடுத்தது சமாதானம்தான், இதோ. சாமியார் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். வெளியே பஸ் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்திருந்தார். சாமியார் சமாதானத்தைத் தாண்டி நேராகச் செம்மறிப் பாட்டுக்குப் போய்விட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பது இதுதான். எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். காஜாக்கா பாடவில்லை.

"ஃபாதர்! சமாதானம் சொல்லலையே!"

பாட்டு பாதியில் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. தூங்கிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

சாமியார் தடுமாறினார். "அது... கட்டாயம் இல்லம்மா. நேரமாச்சு, பஸ்ஸு..."

"எனக்குக் கட்டாயம் ஃபாதர்" என்றாள். அதற்கு மேல் அவருடைய அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பிவிட்டாள். நினைத்து வைத்திருந்த கைகூப்பல் எங்கோ போய்விட்டது. "நீ கொல்லல" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்ன பொய்யை மெதுவாகச் சொல்லித் திருப்பி வாங்க முடியாது என்று தோன்றியது, அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நீ அம்மாவைக் கொல்லல. நான்தான் பயந்து போய்க் கூட்டிப்போகாம இருந்தேன். நான் சொன்னது பொய்."

தங்கை திரும்பவில்லை.

சாமியார் மெல்லத் தொண்டையைச் செருமி, "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்றார். ஹெட்மாஸ்டர், பூசையைச் சுருக்கப் பார்த்த சாமியாரைத் தவிர, எல்லாருக்கும் சொன்னார். முன்னும் பின்னும் இருந்தவர்கள் காஜாக்காவுக்குச் சொன்னார்கள். அவள் யார் யாருக்கோ கைகூப்பினாள். பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. வராது, ஏன் வர வேண்டும் என்று நினைத்தபடி உட்கார்ந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. வரிசையில் போய் நன்மை வாங்கியதோ, திரும்பி வந்ததோ நினைவில்லை.

மண்டியிட்டு எழுந்து உட்கார்ந்ததும் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. பழைய பெஞ்சு கிறீச் கிறீச்சென்றது.

"நாலு வருஷம் ஆச்சுக்கா உனக்கு" என்றாள் தங்கை. பீடத்தைப் பார்த்தபடியேதான் சொன்னாள். பிறகு செருப்புக் காலைத் தூக்கி அக்காவின் பாதத்தின் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

நன்றாக வலித்தது. காஜாக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.