மாப்பிள்ளை சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

அப்பாவின் தங்கையான என் அத்தை பேசும் வேகத்துக்குப் போடியில் ஈடு கிடையாது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அதனாலேயே திரும்பிப் போனதாக எங்கள் வீட்டில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆகவே ராசிங்காபுரத்திலிருந்து இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் பெண் பார்க்க வந்த அன்று, அத்தை வாயே திறக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்.

அத்தையும் காப்பியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல்தான் நின்றாள். வாத்தியார்தான் சும்மா இருக்காமல், "மலையில ஏலக்காய் எப்படிங்க எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டார். பறிப்பு, அட்டைக்கடி, காய் காயவைக்கும் அறையின் வெக்கை, ஜீப்பு சகதியில் மாட்டிய கதை என்று அத்தை மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். அப்பா இருமிப் பார்த்தார், குறுக்கே பேசிப் பார்த்தார். அவர் குறுக்கிடக் குறுக்கிட அத்தையின் வேகம் கூடியது. வாத்தியாரின் காப்பி ஆடை படர்ந்து ஆறிப்போனது. கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே, "நல்ல பேட்டர்!" என்றார்.

வாத்தியார் வீட்டில் சம்மதம் சொல்லி அனுப்பியும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "இங்கிலீஷ்ல என்னமோ வைஞ்சிட்டுப் போயிருக்கான். பொண்ணு குடுக்கவா?" என்றார். நான் அப்போது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். பள்ளிக்கூட அகராதியில் பார்த்து எழுதிவர என்னை அனுப்பினார்கள்.

அந்த வார்த்தைக்கு மழை சடசடவென்று விழும் ஓசை என்று போட்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதே எழுத்துக்களில் அதற்குக் கீழேயே வேறொரு வார்த்தையும் இருந்தது: தெருவில் கூவி விற்கிறவர்களின் படபடப் பேச்சு.

"லேகியம் விக்கிறவன் பேச்சுங்கிறானா என் தங்கச்சிய?" என்று அப்பா எழுந்தே விட்டார்.

அத்தை மட்டும் கோபப்படவில்லை. "இன்னும் என்னடி போட்டிருக்கு?" என்றாள். லத்தீன் ஜெபம் ஒன்றின் முதல் வார்த்தையிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி இருந்தது. ஜெபத்துக்கும் லேகியத்துக்கும் என்ன சம்பந்தமென்று எங்கள் இருவருக்கும் தலை வெடித்தது. மறுநாள் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில், குரங்கணியில் இருந்த மலையாள நர்ஸம்மாவைப் போய்க் கேட்டோம். வேதக்காரர், சின்ன வயதில் சர்ச்சில் லத்தீனில் பூசை கண்டவர்.

"பாத்தெர் நோஸ்தெர்! 'எங்கள் பிதாவே'ன்னு அர்த்தம். கேட்டோ, எங்க பழைய பாதிரியார் எப்படிச் சொல்லும்னு?" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஜெபம் முழுவதையும் ஓட்டினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஈ நுழைய முடியாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படி முணுமுணுத்த வேகத்துக்கே அந்த ஜெபத்தின் பேர் 'பேட்டர்' என்று ஒட்டிக்கொண்டதாம்.

அத்தை சிரிக்கவில்லை. "சாமிகிட்ட சொல்றத ஏன் இம்புட்டு வெரசாச் சொன்னாரு?"

"ஆளுக எழுந்து போறதுக்கு முன்னாடி முடிக்கணுமில்லையோ?" என்றார் நர்ஸம்மா.

பஸ்சில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அத்தை அப்பாவிடம், "அண்ணே, சரின்னு சொல்லி விட்ருங்க" என்றாள்.

"வைஞ்சவனுக்கா?"

"அவரு கடேசி வரைக்கும் எந்திரிக்கலண்ணே."

இது என்ன பதில் என்று அப்பாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கல்யாணம் நடந்தது.

முழுப்பரீட்சை லீவுக்கு ராசிங்காபுரம் போனேன். அத்தை எனக்குப் பணியாரம் சுட்டுக்கொண்டே கிணற்றில் ஆடு விழுந்த கதையைச் சொன்னாள். சொன்னாள் என்றால், நிறுத்தி நிறுத்தி. நடுவில் பணியாரத்தைத் திருப்பிப்போட்டு, யோசித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மாமா சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தார். எனக்குக் கதை ருசிக்கவே இல்லை. பழைய அத்தையைக் காணோம் என்று ஏக்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும், "அத்தைக்கு ஒடம்பு சரியில்ல போல, மெதுவாப் பேசுது" என்று சொன்னேன். அம்மா பதறிப்போய் மறுநாளே புறப்பட்டாள்.

எங்கள் வீட்டில் அத்தை தொடங்கிய ஒரு பேச்சையாவது நாங்கள் முடிக்கவிட்டதுண்டா என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.