அண்ணாச்சிக்கு ஆகாதவை

நோய் வந்தால் சொல்லிக்கொள்ள ஒரு சந்து சனமாவது வேண்டும். மட்டாஞ்சேரி காளிமுத்து அண்ணாச்சிக்கு அந்த வசதி இருந்தது. இஞ்சிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். மனைவி மாடத்தி போய்ச் சேர்ந்தபின் ஒற்றை அறையில் தனிக்குடித்தனம். சர்க்கரை என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே குழாயடிக்குத்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் சொன்னது சாதாரணம். சோற்றைக் குறை, காயைக் கூட்டு, மீனைப் பொரிக்காமல் குழம்பு வை, இனிப்பு என்றைக்காவது ஒரு கரண்டி. இதற்கெல்லாம் யார் உச்சுக்கொட்டுவார்கள்? அண்ணாச்சி கொஞ்சம் மசாலா சேர்த்தார்.

"ஒண்ணுமே தின்னக்கூடாதாம். தின்னா காலை எடுத்துருவாங்களாம்."

"என்டெ அண்ணாச்சீ!" என்றாள் எதிர்வீட்டு ஓமனா. பக்கத்து வீட்டு ஷபானா கண்ணையே துடைத்துக்கொண்டாள். அன்று அவருக்கு நல்ல நாள்.

கெடுதல் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சந்தில் விசேஷமென்றால் வீட்டுக்கு வீடு தட்டு போகும். கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். காளிமுத்து மனிதரோடு பேசுவது அநேகமாக அவ்வளவுதான். பெருநாளன்று ஷபானாவின் நெய்ச்சோற்றுத் தட்டு அவர் வாசல்வரை வந்து, அவர் காலின் நலன் கருதி, அடுத்த வீட்டுக்குப் போனது.

"மருந்து குடிச்சோ அண்ணாச்சி?" அதுவும் நடந்துகொண்டே கேட்டதுதான்.

சர்க்கரை என்னவோ ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. இரவில் இரண்டு சப்பாத்தி, பயறுத் தோரன், எதிரே சுவர்.

ஓணம் நெருங்கியபோது குழாயடியில் அறிவித்தார்: "சுகர் முழுசா மாறிப்போச்சு! டாக்டரே அசந்துட்டார்."

திருவோணத்தன்று ஓமனா ஒரு கிளாஸ் பாலடைப் பாயசத்தோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள்.

"குடிக்கணும் அண்ணாச்சி. நான் காணட்டே."

வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் பாயசம் கொண்டுவருகிறவள் சேச்சி.

"மோன் சுகமா சேச்சி?" என்று கேட்டுவிட்டு அரை ஸ்பூன் சப்பினார். கிளாஸ் தீர்ந்தால் அவள் எழுந்துவிடுவாளே! மகன், மருமகள், இடப்பள்ளி மாலில் நகரும் படியில் செருப்பு மாட்டிக்கொண்டது என்று ஓமனா பேசப் பேச, அவர் நக்கி நக்கி நேரத்தை நீட்டினார். இப்படி நிதானமாக உண்ணும் நோயாளியை ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"எந்தா, பிடிச்சில்லே? ஒரே மடக்கா குடிங்க. இன்னொரு கிளாஸ் கொண்டு வராம்."

காளிமுத்து கிளாஸைப் பார்த்தார். காலையும் பார்த்தார்.

"சுகர் மாறலை சேச்சி. சும்மா சொன்னேன்."

"எந்தினு?"

ஏன் சொன்னார் என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்வதற்குள் ஓமனா கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"ஷபானா! அண்ணாச்சிக்கு ஒண்ணும் கொடுக்கண்டா! சொன்னதெல்லாம் கள்ளம்!"

அவர் வாசலுக்கு ஓடினார். "மீன் ஆகும் சேச்சி! குழம்பு வச்ச மீன்!"

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

"வெள்ளரிக்கா ஆகும்! பயறு ஆகும்!"

உள்ளே யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

"சும்மா வந்தாலும் ஆகும்," என்றார், கதவுக்குக்கூடக் கேட்காத குரலில்.