டிரைவர் பெரியதம்பி தலைமுழுகியது

பெரியதம்பி அண்ணன் ஓட்டிய காலத்தில் எனக்கு விசிலே தேவைப்படவில்லை. அவலூர்பேட்டை–செஞ்சி தடத்தில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு யாராவது ஓடி வருவதை நான் பார்ப்பதற்குள் அவர் கால் பிரேக்குக்குப் போயிருக்கும். "பெருமாளு, நமக்குள்ள ஒரே வேவ்லெங்த்டா" என்பார். அந்தச் சொல்லை எங்கே பிடித்தாரோ, பஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஒரு நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் அவர் கையிலிருந்து நழுவியது. கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில், "இன்னாடா முறைக்கிற?" என்றார், ஒன்றும் நடக்காதது போல. அடுத்த வாரமும் அப்படியே ஆனது. வண்டி நிறைய உயிர் அந்தக் கையில் இருக்கிறது. சண்டை போட்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன். மூளையில் ஓடும் மின் அலையைப் பதிவெடுக்கச் சொன்னார்.

"நாளைக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வாங்க" என்றாள் மெஷின் பார்க்கும் பெண் தமிழினி. எங்களுக்குத் தலைக்குக் குளிப்பது என்றால் தலைமுழுகுவது. நல்லெண்ணெய் இல்லாமல் அது ஏது? அண்ணன் தலை மினுமினுக்க வந்து நின்றார். எண்ணெயில் ஒயர் ஒட்டாது என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஷாம்பு போட்டு வந்தார். தலை நிறைய ஒயர், திரையில் கோடு கோடாக அலை. "எனக்கும் எடும்மா, ரெண்டும் ஒண்ணா இருக்கும்" என்றேன்.

சிரித்தாள். "முழிச்சிருந்தா ஒரு மாதிரி ஓடும், தூங்கினா ஒரு மாதிரி ஓடும்ணா. மனசுல இன்னா இருக்குதுன்னு இது சொல்லாது. வேவ்லெங்த்லாம் பேச்சுக்குச் சொல்றது."

அலையில் கோளாறு இருந்தது. இதுவும் வலிப்பில் ஒரு வகை, மாத்திரையில் அடங்கும், ஆனால் பஸ் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"முதலாளிகிட்ட சொல்லாதடா. ஸ்டியரிங் இல்லன்னா நான் இன்னாடா?"

அவரை வண்டி எடுக்க விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

காலையில் காக்கிச் சட்டையோடுதான் வந்தார். டிரைவர் கதவை மறித்து நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸைச் சுற்றிப் போய்ப் படிக்கட்டில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டாராம். வேறு டிரைவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"தலைமுழுகிட்டேன்டா பெருமாளு. இந்த வாட்டி எண்ணெய் இல்லாம" என்றார் அண்ணன். "செஞ்சிக்கு ஒரு டிக்கெட் குடு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். விசிலை வாயில் வைத்தேன். புது டிரைவருக்குக் கேட்கும்படி ஊதினேன்.